அக்கா குடியிருந்த மஞ்சள் கூரை

வரைபடப் பட்டறையில் அச்சாகி வரும் தாள்களுக்குத் தூரிகையால் வண்ணம் ஏற்றுவது அவள் வேலை. ஆற்றுக்கு நீலம், தோட்டத்துக்குப் பச்சை, கூரைக்குச் செங்கல் நிறம். பெரும்பாலும் ஒரே மாநகரம்தான், அதற்குத்தான் கிராக்கி. அவள் அங்கே போனதில்லை. அக்கா வாழ்க்கைப்பட்டது அங்கேதான்.

அந்த ஊரின் பழைய படங்கள் சுவரில் தொங்கின. ஆதியில் வரைந்தவர் கோட்டையை மலைபோல் போட்டு, ஊரை அதன் காலடியில் சுருட்டி வைத்திருந்தார். அடுத்தவர் கடலிலிருந்து பார்த்தவர் போலும். கப்பல்கள் வீடுகளைவிடப் பெரியவை. அவள் தீட்டிவந்த படத்தில் ஊர் பறவைக் கண்ணுக்குப் படுவதுபோல் சாய்வாக, ஒவ்வொரு வீடும் சன்னலோடு தெரியும். பாலத்தருகே ஒரு மாடிவீட்டை அக்காவுக்கென்று ஒதுக்கி, அதன் கூரைக்கு மட்டும் மஞ்சள் பூசுவாள். யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஒருநாள் முதலாளி புதுப் படம் கொண்டுவந்தார். நேர் மேலிருந்து பார்ப்பதுபோல் அளந்து போட்டது. வெறும் கோடுகளும் கட்டங்களும்.

"வீடெல்லாம் எங்க போச்சு?"

"எல்லாம் அதுக்குள்ளதாம்மா இருக்கு. கட்டத்துக்கு ரோஸ் அடிச்சாப் போதும்."

பாலத்தருகே தூரிகையை வைத்தவளுக்குக் கை ஓடவில்லை. அக்காவை யாரோ வீட்டோடு வாரிக்கொண்டு போனதுபோல் இருந்தது. மறுவாரம் லீவு சொல்லிவிட்டு ரயிலேறினாள்.

நிலையத்துக்கு அக்கா வந்திருந்தாள். கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருந்தாள். இருவரும் நடந்தார்கள். பாலம் வந்ததும் இவள் கண் தானாக மஞ்சளைத் தேடியது. அங்கே மாடிவீடு ஏது? ஒரு குதிரை லாயம்தான் இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அக்கா நடுத்தெருவில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இத்தனை வருஷமா என்னைக் குதிரையோடவா குடிவெச்சிருந்தே? மாமாகிட்ட சொல்லிடாதே. இடம் தாராளமா இருக்கேன்னு மூட்டை கட்டிருவாரு."

அக்கா வீடு மூன்றாவது மாடியில், இரண்டே அறை. காலையில் சன்னலைத் திறந்தால் ஒரே மூடுபனி. ஆறு இல்லை, கோட்டை இல்லை, ஊரே இல்லை. வெண்மைக்குள்ளிருந்து சத்தங்கள் மட்டும் மிதந்து வந்தன.

"அது பால்வண்டி," என்றாள் அக்கா. "இருமுறது கீழ்வீட்டுத் தையல்காரர். இப்ப அவர் சம்சாரம் திட்டும் பாரு."

திட்டு விழுந்தது. இவள் அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"ரெண்டு நாள்ல கெளம்பணுமா?"

"முதலாளி ஒண்ணும் சொல்ல மாட்டாரு. இருக்கேன்."

பனி விலக நெடுநேரமானது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தும் இருவரும் சன்னலைவிட்டு நகரவில்லை.