ஆண்டின் பெயர் வராத கரை

மன்னர் கிர்காலா ஊரின் மதிலைக் கட்டிய ஆண்டுக்கு இரண்டாண்டு கழித்து, அறுப்புக்குப் பத்து நாள் இருக்கையில், உம்மா நகருக்குத் தெற்கே துருமாக் கால்வாயின் மேற்குக் கரையிலிருந்த நாற்பத்தொரு வீடுகளில் காலம் நின்றுபோனது. ஒவ்வொரு ஆண்டின் தொடக்கத்திலும் தலைநகரிலிருந்து ஓர் ஓட்டக்காரர் களிமண் ஏட்டில் அந்த ஆண்டின் பெயரைக் கொண்டுவருவார். வீட்டுக்கு ஒருவர் களத்தில் நின்று அதை உரக்கச் சொன்னதும் ஆண்டு தொடங்கிவிடும். ஏடு வரவில்லை என்றால் ‘மதில் கட்டிய ஆண்டுக்கு அடுத்த ஆண்டு’ என்று சொல்லிச் சமாளிப்பது வழக்கம். மறு ஆண்டும் வராதபோது ‘அதற்கும் அடுத்த ஆண்டு’ என்றார்கள். மூன்றாம் முறை அப்படிச் சொல்ல ஊர்த்தலைவர் உர்நிகர் இடம் கொடுக்கவில்லை. மூன்று தரம் சொன்னால் ராஜா இல்லை என்று நாமே ஊரறியச் சொன்னதாகிவிடும் என்றார். அவர் விசுவாசமான மனிதர். ஆகவே யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆண்டும் பிறக்கவில்லை.

பார்லிக் கதிர் பச்சையாகவே நின்றது. ஊறவைத்த மது புளிக்கவில்லை. குதிரில் தானியம் அள்ள அள்ளக் குறையாததால் முதலில் ஒருவரும் குறைப்படவில்லை. நின்ஹெது அப்போது எட்டு மாதக் கர்ப்பிணி. அவள் கணவன் லுகிரிஸலை அன்று காலையில்தான் கிர்காலா மதில் காவலுக்குப் பிடித்துப் போயிருந்தார்கள். புறப்பட்ட அவசரத்தில் அவன் பாதி தின்று வைத்த ரொட்டி அடுப்படியில் இருந்தது. தினமும் காலையில் அதைத் தொட்டுப் பார்ப்பாள். சுடும். அவன் உயிரோடிருப்பதற்கு அவளுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

எத்தனை காலம் போயிற்று என்பதை எதிர்க்கரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். அந்த ஊர்க்காரர்கள் எந்த மன்னர் ஆளனுப்பினாலும் அவர் சொன்ன பெயரைச் சொல்லிவிடுவார்கள். அங்கே நட்ட பேரீச்சங்கன்று காய்த்தது. அக்கரை மருத்துவச்சியின் கைக்குழந்தை வளர்ந்து, தண்ணீர் மொள்ள வரத் தொடங்கி, நின்ஹெதுவைக் கண்டால் இக்கரைக்குக் கேட்கும்படி சிரிப்பாள்.

“ஏன்க்கா, பிள்ளையச் சுமக்கிறியா, மதிலச் சுமக்கிறியா? இறக்கி வைக்கவே காணோமே.”

பன்னிரண்டாவது முறை அக்கரையில் அறுப்பு நெருங்கியபோது ஓட்டக்காரர் ஒருவர் இக்கரைக்கு வந்தார். பேச்சு வேறு, முத்திரை வேறு, எழுத்து மட்டும் பழையது. புதிய மன்னருக்குத் துருமாவின் மேற்குக் கரை என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரிந்திருந்தது. அந்தக் கரையில் விட்டுப்போன ஆண்டுகள் எல்லாவற்றுக்குமாக ஒரே பெயர் அனுப்பியிருந்தார். உர்நிகர் ஏட்டை வாங்கி வாசித்தார். ‘மன்னர் கிர்காலா மதிலை இடித்து, அதைக் காத்தவர்களில் ஒருவரையும் மிச்சம் வைக்காத ஆண்டு.’

நாற்பது வீட்டார் களத்தில் வரிசையாக நின்று அதைச் சொன்னார்கள். சொல்லி முடித்தவர்களின் வயல் அப்போதே பழுத்தது. பன்னிரண்டு ஆண்டு தின்றது ஒரே பகலில் அவர்கள் குதிரில் குறைந்தது. உர்நிகருக்குக் கூன் விழுந்தது. தனியே குடியிருந்த கிழவர்கள் இரண்டு பேர் வரிசையில் நின்றபடியே இறந்தார்கள். நாற்பத்தொன்றாவது வீட்டுக்காக நின்ஹெது சொல்ல வேண்டியிருந்தது. அவள் வாய் திறக்கவில்லை. ஓட்டக்காரர் வெயிலைப் பார்த்தார்.

“சொல்லிடு தாயி,” என்றார் உர்நிகர்.

“நான் சொன்னா அவரக் கொன்னது நானாயிடும், பெரியப்பா.”

“அவன் செத்துப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. நாந்தான் உங்க வாயக் கட்டி வச்சிருந்தேன்.”

“அப்போ அந்த ரொட்டி ஏன் இன்னும் சுடுது?”

கால்வாயைத் தாண்டி வந்திருந்த மருத்துவச்சி நின்ஹெதுவின் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள். உள்ளே இருப்பது உதைப்பதை நிறுத்தி வெகு நேரமாகிறது, இன்னும் ஒரு பகல் தாங்காது என்றாள். நின்ஹெது தன் வயிற்றை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஆண்டின் பெயரை ஒரு சொல் விடாமல் சொன்னாள். கடைசிச் சொல்லில் வலி கண்டது. தாங்கிப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோனபோது அடுப்படி ரொட்டி கல்லாகியிருந்தது. சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. மற்றக் குழந்தைகளின் அளவுதான்.

அடுத்த மாதம் மதில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்க எழுத்தர் வந்தார். கருவுற்ற ஆண்டைக் கேட்டுக் கூட்டிப் பார்த்து, குழந்தைக்குப் பன்னிரண்டு வயது என்றும் மண் சுமக்கத் தகுந்தவள் என்றும் பதிந்தார். யாரும் வாதாடவில்லை, கூட்டல் சரியாகவே இருந்தது. கிர்காலாவில் பழைய அடித்தளத்தின் மேலேயே புதிய மதில் எழுந்தது. நின்ஹெது மகளை முதுகில் கட்டிக்கொண்டு, தலையில் ஒரு கூடையும் இடுப்பில் ஒரு கூடையுமாக, தன் பங்கையும் மகள் பங்கையும் சுமந்தாள்.

மறு ஆண்டு ஓட்டக்காரர் நாள் தவறாமல் வந்தார். ‘மன்னர் கிர்காலா மதிலைக் கட்டிய ஆண்டு’ என்று ஏட்டில் இருந்தது. இறந்த கிழவர்களின் இரண்டு வீடும் மூடிக் கிடந்தன, நின்ஹெது வரவில்லை. முப்பத்தெட்டு வீட்டார் களத்தில் நின்று அதைச் சொன்னார்கள்.