கொற்கைக் கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனது

தலைமையாசிரியர் ஞானையாவுக்குக் கடலைப் பற்றித் தெரியாத விஷயமே கிடையாது. அதைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். பாளையங்கோட்டையில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகி, நாற்பத்து மூன்று வயதுக்குள் அவர் கண்ட பெரிய தண்ணீர் தாமிரபரணி வெள்ளம் ஒன்றுதான். ஆனாலும் முத்து எப்படி விளைகிறது, யவனர் கப்பலில் என்ன சரக்கு வந்தது, பாண்டியன் மகள் எந்தத் துறையில் கிளிஞ்சல் பொறுக்கினாள் என்று முக்கால் மணி நேரம் மூச்சு விடாமல் சொல்லுவார். எல்லாம் பழம்பாட்டுகளில் பொறுக்கியது.

பொறுக்கியதைச் சேர்த்து 'கொற்கைக் கடல்துறை மாட்சி' என்று நாற்பது பக்கத்தில் ஒரு புத்தகமும் போட்டுவிட்டார். அட்டையில் 'ஆசிரியர் நேரிற் கண்டு எழுதியது' என்று இருக்கும். அது அச்சாபீஸ்காரர் யோசனை. அப்படிப் போட்டால்தான் பள்ளிக்கூடங்களில் எடுப்பார்கள் என்றார். ஞானையா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மனசாட்சியோடு வாதாடினார். ஜெயித்தது ஞானையா.

புத்தகத்துக்குப் பாயிரம் எழுதியவர் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் ஆவுடைநாயகம் பிள்ளை. 'இவ்வாசிரியர் வருணித்த அலையோசையை யாமும் அவ்விடத்தே நின்று செவிமடுத்துள்ளோம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். பிள்ளைக்குச் சொந்த ஊர் கங்கைகொண்டான். அங்கே நின்று செவிமடுத்தால் கரிசல் காற்றுத்தான் கேட்கும். ஆசிரியரே நேரில் கண்டிருக்கும்போது, தாமும் கேட்டதாகச் சொல்வதில் என்ன குற்றம் என்று நினைத்தார். பாயிரத்தைப் படித்த ஞானையாவோ, தமக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகத்தையும் விட்டார். இரண்டு குருடர்கள், முன்னால் போகிறவனுக்குக் கண் தெரியும் என்று இருவரும் நம்பி நடந்த மாதிரி.

1912 மாசியில் உதவி இன்ஸ்பெக்டர் வேலை ஒன்று காலியாயிற்று. பன்னிரண்டு வருஷமாக ஞானையா அந்த வேலைக்காகத்தான் ஜெபம் பண்ணி வந்தார். அதற்குச் சிபாரிசு எழுத வேண்டியவர் ஆவுடைநாயகம் பிள்ளை. "உம்ம பிள்ளைகள வெளியில எங்கயாவது கூட்டிட்டுப் போயிப் பாடம் நடத்தும். நானும் வாரேன். பாத்துட்டு எழுதுதேன்" என்று பிள்ளை சொல்லிவிட்டார்.

வருஷத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளை உல்லாசமாக எங்கேயாவது அழைத்துப் போவது பள்ளிக்கூடத்து வழக்கம்தான். பிள்ளைகளின் பெற்றோர்கள் சொன்னதை மூன்றாம் வகுப்பு டீச்சர் சாலோமி கொண்டுவந்தாள்.

"எல்லாரும் தூத்துக்குடி போவோம்னு சொல்லுதாங்க சார்வாள். ரயில்ல போயிறலாம். கடற்கரையில பூங்கா இருக்காம், பிள்ளைக ஓடியாட எடம் இருக்காம், நிழலுக்கு மரம் இருக்காம்."

"தூத்துக்குடியா?" ஞானையா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அது நேத்து மொளச்ச ஊரு. பஞ்சு மூட்டையும் கரித்தூளும் தவிர அங்கன என்ன இருக்கு? கொற்கைக்குப் போறோம். மூவாயிரம் வருஷத்துக் கடற்கரை."

"அங்கன பூங்கா உண்டா சார்வாள்?"

"சரித்திரம் உண்டு."

அந்தப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியரைத் திருத்துவது மோசேயைத் திருத்துவது மாதிரி.

ஐந்து வண்டி கட்டினார்கள். முப்பத்து நான்கு பிள்ளைகள், ஏழெட்டுத் தாய்மார், சாலோமி, இன்ஸ்பெக்டர், ஞானையா, அவர் மனைவி லில்லி, அவர்கள் மகள் ஏழு வயது கெசியா. புளிச்சோறும் அவித்த முட்டையும் தேங்காய்த் துவையலும் தூக்குச்சட்டிகளில் வந்தன. ஸ்ரீவைகுண்டத்தில் இராத் தங்கி, விடியற்காலை நாலு மணிக்கே புறப்பட்டார்கள். முதல் வண்டியை ஓட்டியவன் ஏரல் பூதத்தான். வழிநெடுகப் பிள்ளைகள் ஞானையாவின் புத்தகத்திலிருந்து மனப்பாடம் சொல்லிக்கொண்டு வந்தார்கள்: 'கொற்கைக் கோயிலின் மதிற்சுவரில் வெண்திரைகள் ஓயாது மோதும்.' பூதத்தான் மாட்டு வாலைத் திருகியபடி மரியாதையாகக் கேட்டுக்கொண்டு வந்தான்.

எட்டு மணி வாக்கில் வண்டி நின்றது. "கொற்கை வந்துட்டு. பைய எறங்குங்க" என்றான்.

பிள்ளைகள் இறங்கிப் பார்த்தார்கள். ஒரு குளம் இருந்தது. குளத்தில் தாராக்கள் நீந்தின. கரையில் பனைமரங்கள், அதற்கு அப்பால் வாழைத்தோட்டம், அதற்கும் அப்பால் இன்னும் வாழைத்தோட்டம். கோயிலும் இருந்தது. அதன் மதிற்சுவரில் ஓயாது மோதிக்கொண்டிருந்தது முதுகு அரித்த ஓர் எருமை.

"அப்பா, கடல் எங்கன?" என்றாள் கெசியா.

ஞானையா இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் ஞானையாவைப் பார்த்தார். மற்றவர் காட்டட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"ஐயா நின்னு கேட்ட எடம் எது?" என்று ஞானையா பணிவாக ஆரம்பித்தார்.

"நீரு நேரிற் கண்ட எடத்துக்குக் கொஞ்சம் தெக்க வே."

"நான் கண்டது... ஐயா கேட்ட எடத்துக்குக் கொஞ்சம் வடக்க."

பிள்ளை அவர் கையைப் பிடித்து ஒரு பனைக்குப் பின்னால் இழுத்துப் போனார். பனை ஒல்லி. பிள்ளை அப்படியில்லை. ஆகையால் நடந்ததை எல்லோரும் பார்த்தார்கள், கேட்கத்தான் முடியவில்லை.

"உள்ளதச் சொல்லும். இதுக்கு முன்னால நீரு இங்கன வந்திருக்கீரா?"

"ஐயா வந்திருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நான் எதுக்கு வே வரணும்? கண்டது நீருதானே."

"கேட்டது ஐயாதானே."

இன்ஸ்பெக்டர் தலைப்பாகையை எடுத்து, வழுக்கையைத் துடைத்து, மறுபடியும் வைத்தார். "இந்தாரும். இது வெளிய போச்சுன்னா உமக்கு உத்தியோகம் இல்ல. எனக்குப் பென்ஷன் இல்ல. ரெண்டு பேரும் சேந்து எழுதியாச்சு, சேந்துதான் நிக்கணும். கடல் போயிருக்குன்னு சொல்லும். வரும்னு சொல்லும்."

ஞானையா குளத்தங்கரையில் ஏறி நின்று தொண்டையைச் செருமினார். "பிள்ளைகளே, கடலுக்கு ஏற்றம் என்றும் வற்றம் என்றும் இரண்டு உண்டு. நாம் வந்திருப்பது வற்றம். கடல் சற்று உள்வாங்கியிருக்கிறது."

"எப்ப சார்வாள் வரும்?" என்று ஒரு பையன் கேட்டான்.

"சாயங்காலம்."

நல்லபடியாக வளர்க்கப்பட்ட பிள்ளைகள். முப்பத்து நான்கு பேரும் கிழக்கே பார்த்து வரிசையாக உட்கார்ந்து, வாழைத்தோட்டத்திலிருந்து கடல் வருவதற்காகக் காத்திருந்தார்கள். அரை மணி நேரத்தில் ஒரு கோவணக்காரர் வந்தார், ஒரு ஆட்டுக்குட்டி வந்தது. கடல் வரவில்லை.

சாலோமி வண்டிப் பக்கம் போய்ப் பூதத்தானிடம் கேட்டாள். "அண்ணாச்சி, கடல் எம்புட்டுத் தூரம் உள்வாங்கியிருக்கு?"

"அஞ்சாறு மைல் இருக்கும் தாயி. புன்னைக்காயலுக்குப் போனாப் பாக்கலாம்."

"எப்ப வாங்குச்சு?"

"எங்க பாட்டனுக்குப் பாட்டன் பொறக்குததுக்கு முந்தியே வாங்கிட்டு."

"இத ஏன் நேத்தே சொல்லல?"

"கொற்கைக்கு வண்டி கட்டுன்னாங்க, கட்டுனேன். கடலுக்குன்னு யாரு சொன்னா? பொறவு பிள்ளைக படிச்சதயும் கேட்டேன். அச்சடிச்ச பொஸ்தகத்துல இருக்கு. படிச்சவங்களுக்குத் தெரியாதது எனக்கு என்ன தெரியப் போவுது?"

சாலோமி திரும்பி வந்து, இரண்டு பெரியவர்களுக்கும் முன்னால் கை கட்டி நின்றாள். முகத்தில் சிரிப்பே இல்லை. அதுதான் அபாயம்.

"சார்வாள், கடல் ஆறு மைல் போயிருக்காம். சாயங்காலத்துக்குள்ள வரணும்னா கொஞ்சம் வெரசாத்தான் வரணும். அது வந்து சேருததுக்குள்ள பிள்ளைக பசியில அழும். அதனால நாங்களே எதுக்கப் போயி அதப் பாத்துட்டு வந்துறட்டுமா?"

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். சரி என்றால் பிள்ளைகள் கடலைப் பார்த்துவிடுவார்கள். பார்த்தால் என்ன? உள்வாங்கிய கடலைத்தானே பார்க்கிறார்கள். இந்த வழி முதலில் இன்ஸ்பெக்டருக்குத்தான் புலப்பட்டது.

"போயிட்டு வாங்க" என்றார். "நாங்க இங்கன இருக்கோம். எல்லாரும் போயிட்டா, அது வாரப்போ யாரு நிக்கது?"

பிள்ளைகள் வண்டிக்கு ஓடினார்கள். கெசியா ஓடவில்லை. ஞானையாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்களும் வாங்கப்பா. நீங்க வந்தாத்தானே எது எதுன்னு சொல்லுவீங்க."

ஞானையாவின் கால் எழுந்தே விட்டது. நாற்பத்து மூன்று வருஷம். ஆறு மைல். ஆனால் முதன்முதலாகக் கடலைப் பார்க்கிறவன் முகம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. வாய் பிளக்குமோ, கண் கலங்குமோ, சின்னப் பிள்ளை மாதிரி வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடத் தோன்றுமோ. அந்த முகத்தை முப்பத்து நான்கு மாணவர்களுக்கும் ஏழெட்டுத் தாய்மாருக்கும் முன்னால் வைத்துக்கொண்டு, 'நேரிற் கண்டு எழுதியது' என்று எப்படிச் சொல்வது?

"அப்பாவுக்கு ஐயாவோட பேச வேண்டியது இருக்கு" என்றார்.

லில்லி கிட்டத்தில் வந்து, மற்றவர்கள் காதில் விழாமல் பேசினாள். கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆனவளுக்கு அவர் எதைப் பார்த்திருக்கிறார், எதைப் பார்த்ததில்லை என்று தெரியும். "வாங்களேன். உத்தியோகம் எங்கயும் ஓடிறாது."

"ஓடிரும்" என்றார் ஞானையா.

லில்லி அவருக்கும் இன்ஸ்பெக்டருக்குமாக ஒரு தூக்குச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு போனாள். ஐந்து வண்டியும் கிழக்கே போயின. வெகுதூரம் வரை பாட்டுச் சத்தம் கேட்டது. அது பாடப்புத்தகத்துப் பாட்டு அல்ல.

மீதிப் பகல் பயனுள்ளதாகக் கழிந்தது. இரண்டு பேரும் புளிச்சோறு சாப்பிட்டார்கள். பிள்ளை சைவர் என்பதால் முட்டை இரண்டும் ஞானையாவுக்கே வந்தன. இரண்டாம் பதிப்பில் 'வெண்திரைகள் மோதும்' என்பதை 'ஏற்ற காலங்களில் மோதும்' என்று திருத்துவதாக முடிவாயிற்று. பிறகு ஆவுடைநாயகம் பிள்ளை பெட்டியைத் திறந்து, மசிக்கூடு எடுத்து, பனை நிழலிலேயே சிபாரிசை எழுதினார். 'எதிர்பாரா நெருக்கடியில் நிதானம் இழக்காதவர். மேலதிகாரியின் குறிப்பறிந்து நடப்பவர்.' இரண்டுமே உண்மை. ஞானையா மசி காயும் வரை ஊதிக்கொண்டே இருந்தார். பன்னிரண்டு வருஷத்து ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவர் கண் கிழக்கேயே போய்ப் போய் வந்தது.

வெயில் தாழ்ந்தபோது வண்டிகள் திரும்பி வந்தன. பிள்ளைகள் தலையெல்லாம் மணல். பாவாடைகள் முழங்கால் வரை நனைந்து, காய்ந்து, உப்புப் பூத்து மொரமொரவென்று இருந்தன. ஒரு தாயார் செருப்பைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார், அதற்காகச் சிரித்துக்கொண்டும் இருந்தார். கடல் இங்கே வந்ததா என்று யாரும் கேட்கவில்லை. சாலோமி கூடக் கேட்கவில்லை.

ஸ்ரீவைகுண்டத்துக்குத் திரும்பும் வழியில் பொழுது மங்கிக்கொண்டிருந்தது. முதல் வண்டியில் இன்ஸ்பெக்டர் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். லில்லி வெளியே பார்த்தபடி வந்தாள். கெசியா தகப்பனார் மடியில் உட்கார்ந்து கால்விரல் இடுக்கிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஞானையா பூதத்தானின் முதுகைப் பார்த்தார், பிள்ளையின் மூடிய கண்ணைப் பார்த்தார். பிறகு குனிந்து மகள் காதோடு கேட்டார். "எப்படிம்மா இருந்துச்சு?"

"நீங்கதான் பாத்திருக்கீங்களேப்பா."

"நீ சொல்லு."

கெசியா யோசித்தாள். "பெரிசாத்தான் இருக்கு. ஆனா அதுக்குப் பயம்ப்பா. நம்மளப் பாத்து ஓடி வரும், காலத் தொட்டதும் திரும்பி ஓடிரும். மறுபடியும் வரும். நான் கிட்டப் போயி, ஒன்னும் செய்ய மாட்டேன்னு சொன்னேன்."

"சத்தம்?"

"அம்மா அரிசி புடைக்கது மாரி. ஆனா புடைச்சு முடிக்கவே மாட்டாங்க."

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. எதிர்ப்பக்கத்திலிருந்து, கண்ணைத் திறக்காமலே, ஆவுடைநாயகம் பிள்ளையின் குரல் வந்தது.

"அந்தச் சத்தத்த மட்டும் இன்னொரு தடவ சொல்லு பாப்பா. கொஞ்சம் ஒரக்கச் சொல்லு."