ஒரு லேபிளில் இரண்டு பெயர்

“தலைப் பக்கம் நான் பிடிக்கிறேன். நீ கால் பக்கம் பிடி.”

“இதுக்குத் தலை எது, காலு எது?”

“மூடி இருக்கிறது தலை.”

“போற வழியில பேசலாமா மச்சான்?”

“மூணு வார்த்தை பேசலாம். தூக்கு, மெதுவா, வை. அம்புட்டுத்தான். வேற பேச்சுப் பேசுனா கை நழுவும்னு மதுரையில அமீன் பாய் சொல்லிருக்காக.”

“மூணோட நிறுத்துனாகளே. நாலு சொல்லியிருந்தா ஒங்களுக்கு மறந்துபோயிருக்கும்.”

மேலூர் சந்தைத் தெருவில் ஐந்து வருடங்களுக்கு முன் ஓர் அமாவாசைக் காலையில் நடந்த பேச்சு இது. பாண்டியம்மாளுக்கு அப்போது பதினேழு வயது. தான் சொன்ன கேலிக்கு நல்லகாமன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. குனிந்து சோடா கேஸ் சிலிண்டரின் தலையைப் பிடித்து, “தூக்கு” என்றான். அன்றைக்குத் தொடங்கியதுதான்.

அவளுடைய அப்பா உக்கிரபாண்டியின் தங்கை முத்துத்தாயைக் கட்டியவர் காளை. அவர்களின் மகன் நல்லகாமன். அத்தை மகன், முறை மாப்பிள்ளை. இரண்டு அப்பாக்களும் கூட்டாகத்தான் சோடா கம்பெனி நடத்தினார்கள். பிள்ளைகள் இருவருக்கும் கல்யாணம் என்பது யாரும் தனியாகப் பேசித் தீர்மானிக்காத, ஆனால் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாக இருந்தது. பிறகு காளைக்குக் கலர் போட வேண்டும் என்று ஆசை வந்தது.

“பொம்பளைகளும் பிள்ளைகளும் குடிக்க வேணாமா? கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் செவப்பு. என்ன கெட்டுப்போச்சு?” என்றார் காளை.

“சோடான்னா மூக்குல சுருக்குன்னு ஏறணும். சீனி போட்டா அதுக்குப் பேரு பானகம். அதுக்கு எதுக்கு மெஷினு? கோயில் வாசல்ல அண்டாவ வச்சு ஊத்து” என்றார் உக்கிரபாண்டி.

பானகம் என்ற சொல்லைக் காளையால் பொறுக்க முடியவில்லை. ஒரு வாரத்தில் கூட்டு பிரிந்தது. காளை தெருவின் மறுகோடிக்குக் குடிபோனார். பாட்டில்களைப் பிரித்துக்கொண்டார்கள், கோலிகளைப் பிரித்துக்கொண்டார்கள், காளை சிவகங்கையிலிருந்து பழைய மெஷின் ஒன்றையும் வரவழைத்தார். பிரிக்க முடியாமல் நின்றது சிலிண்டர் ஒன்றுதான்.

அது உலக யுத்த காலம். மதுரை கூட்ஸ் ஷெட்டுக்குப் பக்கத்தில் இருந்த கேஸ் கிடங்கில் புதிய பெயருக்குச் சிலிண்டர் தருவதை நிறுத்திவிட்டார்கள். பழைய பெயருக்கு மாதம் ஒன்று. அதன் கழுத்தில் கம்பியால் முறுக்கிக் கட்டிய தகர லேபிளில் உள்ளே இருக்கும் வாயுவின் பெயரும், அதன் கீழே ‘உக்கிரபாண்டி – காளை, சோடா கம்பெனி, மேலூர்’ என்றும் எழுதியிருக்கும். பிரிந்த மாதத்தில் உக்கிரபாண்டி ஓர் ஆணியை எடுத்து உட்கார்ந்து காளையின் பெயரைச் சுத்தமாகச் சுரண்டிவிட்டார். சுரண்டிய வேகத்தில் வாயுவின் பெயரிலும் பாதி போய்விட்டது. காலி சிலிண்டர் மதுரைக்குப் போனபோது கிடங்குக் குமாஸ்தா நூருல் அமீன் அதைத் தொடவே மாட்டேன் என்றார்.

“லேபிள் இல்லாத சிலிண்டரும் பேரு இல்லாத ஆளும் ஒண்ணு தம்பி. உள்ள என்ன இருக்குன்னு நான் எப்படி நம்புறது?” என்று நல்லகாமனிடம் சொன்னார். இருபது நாள் இரண்டு வீட்டிலும் மெஷின் சுற்றவில்லை. கடைசியில் அமீன் பாயே புதுத் தகரத்தில் இரண்டு பெயரையும் பழையபடி எழுதிக் கட்டினார். இனிமேல் இந்தச் சிலிண்டருக்கு வீட்டுக்கு ஒருவர் பொறுப்பு என்று கையெழுத்துக் கேட்டார். உக்கிரபாண்டி வண்டியிலிருந்து விழுந்து இடுப்பு நொந்தவர். அவருக்கு ஒரே மகள். காளையோ மச்சான் பெயர் எழுதிய எதையும் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டவர். ஆகவே நல்லகாமனும் பாண்டியம்மாளும் கையெழுத்துப் போட்டார்கள்.

அமாவாசைக்கு ஒரு வீடு, பௌர்ணமிக்கு மறு வீடு. வளர்பிறையில் முகூர்த்தம் அதிகம், சோடா அதிகம் போகும் என்பதால் யாருக்கு வளர்பிறை என்பதை வருடத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டார்கள். ஊரில் மற்றப் பெண்கள் விரதத்துக்குப் பிறை பார்த்தார்கள். பாண்டியம்மாள் சிலிண்டருக்குப் பார்த்தாள்.

முக்கால் மூட்டை நெல்லின் கனம். உருட்டக் கூடாது, இழுக்கக் கூடாது, போடக் கூடாது. நெருப்புக்குப் பக்கத்தில் போகக் கூடாது என்பதால் சோணையின் டீக்கடைக்கு முன்னால் வரும்போது தெருவின் மறுபுறம் ஒதுங்கி நடப்பார்கள். வெயிலில் வைக்கக் கூடாது என்பதால் பாதி வழியில் இருக்கும் புங்கமரத்தடியில் மட்டும்தான் இளைப்பாறுவார்கள். முதலில் சாக்கை விரிப்பான் நல்லகாமன். பிறகு “வை” என்பான். அவள் கை தேய்த்துக்கொள்வாள். அவன் லேபிளில் ஒட்டிய தூசியைத் துண்டால் துடைப்பான். பிறகு “தூக்கு.”

மரத்தடியில் வேர்க்கடலை விற்கும் ராக்கம்மாள் இதை ஒரு தடவைகூடச் சும்மா விட்டதில்லை.

“என்னடி பாண்டியம்மா, பிள்ளை இன்னும் நடக்கலையா? அஞ்சு வயசாகப் போகுது, ரெண்டு பேரும் தூக்கியே வளக்குறீக.”

“பேரு வச்சாச்சு, காது குத்தலைக்கா. மொய்யோட வாங்க” என்பாள் பாண்டியம்மாள். நல்லகாமனின் காது மட்டும் சிவக்கும்.

மூன்றே வார்த்தைதான் என்றாலும், கேட்கத் தெரிந்தவளுக்கு அது போதுமானதாக இருந்தது. பள்ளம் இருந்தால் ஒரு “மெதுவா.” எதிரே வண்டி வந்தால் ஒரு “மெதுவா.” ஒரு மாசி மாதம் அவள் காய்ச்சலில் எழுந்து வந்திருந்தாள். சமமான தெருவில் அவன் அன்று பதினோரு “மெதுவா” சொன்னான். வீட்டுக்குப் போய் அவள் அதை நினைத்து நினைத்துச் சிரித்ததில் காய்ச்சலே இறங்கிவிட்டது. சீனிக்கு ரேஷன் வந்து காளை மாமா கருப்பட்டிக் கலர் போட்டபோது ஒரு பாட்டிலைச் சாக்குக்குள் சுருட்டிக் கொண்டுவந்து மரத்தடியில் அவள் முன்னால் வைத்தான். அப்போதும் சொன்னது “வை”தான். அவள் குடித்தாள். மூக்கில் ஏறவில்லை. ஆனாலும் நன்றாக இருந்தது. அப்பாவிடம் சொல்லவில்லை.

யுத்தம் முடிந்தது. தை பிறந்ததும் கேஸ் கிடங்கிலிருந்து கடிதம் வந்தது. இனி ஒரு சிலிண்டருக்கு ஒரு பெயர்தான், விரும்புகிறவர்கள் தனித்தனியாகப் பதிந்துகொள்ளலாம், பழைய லேபிளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். உக்கிரபாண்டி கடிதத்தை இரண்டு தடவை படித்து, “இப்பத்தான் சொதந்திரம் வந்த மாதிரி இருக்கு” என்றார். தெருவின் மறுகோடியில் காளை அதே காரணத்துக்காக வெற்றிலை போட்டுக்கொண்டார்.

அதே வாரத்தில் கொட்டாம்பட்டியிலிருந்து பெண் பார்க்க வருவதாக ஆள் சொல்லியனுப்பியிருந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல உக்கிரபாண்டிக்கு இந்தத் தடவை காரணம் எதுவும் கிடைக்கவில்லை. “பொதங்கிழமை வரச் சொல்லிருக்கேன்” என்று மகளிடம் சொன்னார். அவள் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவிய பாட்டில்களையே மறுபடியும் கழுவினாள்.

இரண்டு பெயர்களையும் பதிய மதுரைக்குப் போனது நல்லகாமன்தான். அமீன் பாய் இரண்டு தாள்களையும் வாங்கிப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

“சந்தோசமா இருக்க வேண்டிய மூஞ்சி இது இல்லையே தம்பி.”

“ஒண்ணுமில்ல பாய்.”

“உங்க மாமாகிட்ட ஒண்ணு கேக்கணும், கேக்கணும்னு எத்தனை தடவை எங்கிட்டச் சொல்லிருக்க? கேட்டியா?”

“கேட்டு அவரு இல்லைன்னுட்டா, சிலிண்டர் தூக்க வேற ஆளை அனுப்பிருவாரு பாய். இருக்கிறதும் போயிரும்.”

அமீன் பாய் பேனாவைக் கீழே வைத்தார். “நான் சொன்ன விதி சிலிண்டருக்குத் தம்பி. அதைப் போய் நீ ஆயுசுக்கு எடுத்துக்கிட்டியே” என்றார்.

திங்கட்கிழமை அமாவாசை. கடைசித் தடவை. உக்கிரபாண்டி வீட்டிலிருந்து காளை வீட்டுக்குப் போய், அங்கே மீதி வாயு தீர்ந்ததும் லேபிளோடு மதுரைக்குப் போய்விடும். காலை எட்டரை மணிக்கு நல்லகாமன் வந்தான். தலைப் பக்கம் பிடித்தான். அவள் கால் பக்கம் பிடித்தாள். டீக்கடைக்கு ஒதுங்கினார்கள். புங்கமரத்தடியில் அவன் சாக்கை விரித்து “வை” என்றான். வைத்தார்கள். லேபிளைத் துடைத்தான். அன்றைக்கு அதிக நேரம் துடைத்தான். பிறகு குனிந்து, “தூக்கு” என்றான்.

பாண்டியம்மாள் தூக்கவில்லை. மரத்தில் சாய்ந்து நின்றாள்.

“தூக்கு” என்றான் மறுபடியும்.

“அஞ்சு வருசமா மூணு வார்த்தையிலயே காலத்தை ஓட்டிட்டீக மச்சான். இன்னைக்கு நாலாவதா ஒண்ணு சொல்லுங்க, தூக்குறேன்.”

“என்ன சொல்ல?”

“அது எனக்குத் தெரியும். ஒங்களுக்குந் தெரியும். எங்கிட்டச் சொல்ல வேணாம், சொல்ல வேண்டிய ஆளுகிட்டச் சொல்லுங்க. பொதங்கிழமை கொட்டாம்பட்டியில இருந்து வாராக.”

அவன் முகம் வெளுத்தது. “மாமா இல்லைன்னுட்டா?”

“இனிமே போறதுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு? இன்னையோட இதுவும் போச்சு” என்று சிலிண்டரைக் காட்டினாள்.

அவன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். டீக்கடையிலிருந்து சோணை எழுந்து வந்தான். “என்ன மாப்ள, கனமா இருக்கா? தள்ளு, நான் ஒரு கை பிடிக்கிறேன்.”

“தொடாதீக சோணையண்ணே” என்றாள் பாண்டியம்மாள். “பாய் கையெழுத்து வாங்குனது எங்க ரெண்டு பேருகிட்டத்தான். இவுக விதியை மீற மாட்டாக, கேட்டுப் பாருங்க.”

நல்லகாமன் ஆமாம் என்று தலையாட்டினான். வேறு வழி அவனுக்குத் தெரியவில்லை. ராக்கம்மாள் கடலைக் கூடையைக் கொஞ்சம் நகர்த்தி வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

வெயில் ஏறியது. காலையில் தெருவில் பாதியை மூடியிருந்த மரநிழல் அடிமரத்தை நோக்கிச் சுருங்கியது. சிலிண்டரின் கால் பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெயில் விழுந்தது. பிறகு ஒரு சாண்.

தெருவின் மேற்குக் கோடியிலிருந்து காளை வேகமாக வந்தார். கிழக்குக் கோடியிலிருந்து உக்கிரபாண்டி தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். இருவரும் மரத்தடிக்கு வந்து நின்றார்கள், ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்தபடி.

“வெயில் அடிக்குது, நடுத்தெருவுல போட்டுட்டு என்னடா வேடிக்கை?” என்று காளை மகனைக் கேட்டார்.

உக்கிரபாண்டி ராக்கம்மாளைப் பார்த்துச் சொன்னார்: “பானகம் குடிச்சு வளந்த பயலுக்குத் தெம்பு எங்க இருக்கும்னு அந்த ஆளைக் கேளு தாயி.”

“கால் பக்கம் பிடிச்ச கைதான் தூக்காம நிக்குது, கண்ணு தெரியுதான்னு நீ திருப்பிக் கேளு தாயி.”

“நான் கடலை விக்க வந்தேனா, ஒங்களுக்குத் தூது போக வந்தேனா?” என்றாள் ராக்கம்மாள். “மொதல்ல பிள்ளைக்கு வெயில மறைங்க. மேல ஏறுது பாருங்க.”

வெயில் இப்போது சிலிண்டரின் நடு வயிற்றுக்கு வந்திருந்தது. உக்கிரபாண்டி தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தோள் துண்டை உதறிச் சிலிண்டருக்கு மேலே பிடித்தார். ஒரு பக்கம் பிடித்தால் மறு பக்கம் தொங்கியது. காற்று வேறு. அவர் இரண்டு தடவை முயன்றார். மூன்றாவது தடவை துண்டின் மறு முனைகளை ஒரு கை பிடித்துக்கொண்டது. அது காளையின் கை.

“இழுத்துப் பிடி மாப்ள, தலைப் பக்கம் வெயில் விழுகுது” என்றார் உக்கிரபாண்டி.

மாப்ள என்ற சொல் தானாக வந்துவிட்டது. சொன்னவர் வாயை மூடிக்கொண்டார். கேட்டவர் துண்டைப் பார்த்துக்கொண்டே, “பிடிச்சிருக்கேன் மச்சான்” என்றார். இரண்டு பேரும் கைகளை நீட்டியபடி, நடுவில் துண்டும் துண்டின் நிழலில் சிலிண்டருமாக, நேருக்கு நேர் நின்றார்கள். கைகளை எடுக்க முடியாது. எடுத்தால் வெயில்.

பாண்டியம்மாள் மரத்தை விட்டு நகரவில்லை. நல்லகாமனை மட்டும் பார்த்தாள்.

அவன் நிமிர்ந்தான். துண்டைப் பிடித்திருந்த உக்கிரபாண்டியின் முன்னால் போய், தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

“மாமா” என்றான். “கொட்டாம்பட்டிக்காரங்களை வர வேணாம்னு சொல்லிவிடுங்க. பாண்டியம்மாளை எனக்குக் கட்டிக் குடுங்க.”