வட்டமிடாத சட்டை

மேற்கே சாய்ந்த கதிரவன், ஆற்றின் இரு கரையிலும் அடுக்கி வைத்த பெட்டிகள்போல் நெருங்கி நின்ற வீடுகளின் ஓட்டுக் கூரைகளைச் செம்பொற் குழம்பால் மெழுகி, நெசவாலையின் புகைபோக்கி நிழலை ஊரின் குறுக்கே நெடுங்கோடாக இழுத்துவிட்டு, இனி உங்கள் பாடு என்பான்போல் இறங்கிக்கொண்டிருந்த பொழுதில், ஆலையின் ஊதல் ஒலித்தது. ஒலித்த மாத்திரத்தில், பகலெல்லாம் தறிகளின் இரைச்சலில் அடைபட்டுக் கிடந்த மாந்தர், கரையுடைத்த புனல்போல் தெருக்களெங்கும் பரந்து தத்தம் இல்லம் நோக்கி நடந்தனர். அறிவுசால் அன்பரே, அத்தெருக்களுள் ஒன்று, எதிரெதிர்ச் சாளரங்கள் ஒன்றையொன்று முறைத்துப் பார்க்குமளவு ஒடுங்கியது. எவர் வீட்டில் பால் பொங்கிற்று, எவர் வீட்டில் சினம் பொங்கிற்று என்பது அங்கே எவருக்கும் மறைவதற்கு வழியில்லை. ஆதலின் இக்கதை எமக்கு எவ்வாறு தெரிந்தது என்று வினவுதல் வேண்டா.

அத்தெருவில் தையற்காரி ஒருத்தி வாழ்ந்தாள். அவள் கணவரை ஊரார் வட்டத்தார் என்று அழைத்தனர். அடியிலிருந்து ஒளி ஏறும் கண்ணாடி மேசைமேல் நெய்த துணியைப் படுக்கவைத்து இழுத்து, அறுந்த பாவிழை, தவறிய ஊடிழை, எண்ணெய்க் கறை, முடிச்சு எனப் பழுதுகண்ட இடந்தோறும் நீலச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுவதே முப்பதாண்டாக ஆலையில் அவர் பணி. ஆலையோடு அது நின்றிருந்தால் ஊருக்கு நன்று. ஆனால், கண் என்பது கழற்றி மாட்டிவைக்கும் மேலாடையா என்ன? திருமணத்துக்குச் சென்றால் பந்தலின் சாய்வைப் பார்ப்பார். பிறந்த மகவைக் காணச் சென்றால் ஒரு காது மற்றதினும் சிறிதென்பார். கால் ஒன்று அரைவிரற்கடை குட்டை என்று நல்லதொரு கட்டிலையே வீட்டைவிட்டு வெளியேற்றியவர் அவர். ஆண்டுக்கொரு முறை மனைவி தைத்துத் தரும் சட்டையிலும் தேடித் துருவி ஒரு வட்டம் போடுவார், அவளும் சிரித்துக்கொண்டே, "போட்டாச்சா? இப்பதான் சட்டை முடிஞ்சுது" என்பாள். அந்த வட்டம் இல்லாமல் ஒரு சட்டையும் அவர் தோளேறியதில்லை.

அத்தகையவள் இப்போது மூன்று திங்களாக ஒன்றை மறைத்து வந்தாள். அவளது வலக்கை நடுங்கத் தொடங்கியிருந்தது. காலையில் அமைதியாய் இருக்கும் கை, பொழுது ஏற ஏற, காற்றில் அகப்பட்ட இலைபோல் தானே அசையும். நேரே ஓடவேண்டிய தையல், வழிதப்பிய எறும்புபோல் வளைந்து போகும். கணவர் வரும் ஓசை கேட்டால் கையை முன்றானைக்குள் ஒளித்துக்கொள்வாள். நடுக்கத்தை அவள் அஞ்சவில்லை. கட்டிலுக்கு நேர்ந்தது தன் கைக்கும் நேருமோ என்றே அஞ்சினாள். 'போதும், தையற்பொறியை மூடு' என்று அவர் ஒரு சொல் சொல்லிவிட்டால், பதினாறு அகவை முதல் தன்னைத் தாங்கிவந்த தொழில் முடிந்தது என்பதே அவள் கலக்கம்.

அவளுக்கு நற்பேறோ தீப்பேறோ, அந்நாளில் வட்டத்தார் வேறொரு மனிதராக மாறிக்கொண்டிருந்தார். ஆற்றங்கரையில் புத்தரின் நெறி போற்றும் அறவோர் பள்ளி ஒன்று இருந்தது. அதன் தூண் ஒன்று சாய்ந்திருப்பதாக யாரோ சொல்ல, அக்குறையைக் கண்ணாரக் கண்டு மகிழவே சென்றார். தூண் நேராக இருந்தது. அந்த ஏமாற்றத்தில் சற்று அமர்ந்தார். அப்போது துறவியம்மை ஒருவர், "எதைக் கண்டாலும், இது நன்று இது தீது என்று உடனே குறியிடாமல், அது உள்ளவாறே காண்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உலகில் பிறர்க்கெல்லாம் அது அறவுரை. வட்டத்தாருக்கோ, தம் பெயர் சொல்லி அழைத்தாற்போல் இருந்தது.

மறுநாளே நெறியை மேற்கொண்டார், அதுவும் ஆலையில். முழ நீளத்துக்கு ஊடிழை தவறிய துணி, அவர் கண்முன் ஊர்வலம்போல் கடந்து சென்றது. அவர் கைகட்டி அமைதியே உருவாய் இருந்தார். மேலாளர் ஓடிவந்தார்.

"என்னண்ணே, இவ்வளவு பெரிய ஓட்டை, வட்டம் போடலியா?"

"பாத்தேன் தம்பி. இருந்துது. இருக்கறபடி விட்டுட்டேன்."

"சும்மா பாக்கறதுக்கு வாசல்ல ஒரு பூனை இருக்குண்ணே. உங்கள வேற எதுக்கு வெச்சிருக்கோம்?"

அன்றிலிருந்து ஆலைக்குப் பழைய கண், வீட்டுக்குப் புதிய கண் என்று பிரித்துக்கொண்டார். வீட்டில் குழம்பு உப்பின்றி இருந்தாலும், "குழம்பு இருக்கு" என்பார். உப்பில் மூழ்கிக் கிடந்தாலும் அதையே சொல்வார். தையற்காரி முதலில், இனிக் கையைப் பாரார் என்று மூச்சு விட்டாள். பத்து நாளில் அந்த மூச்சே அவளுக்குப் பாரமாயிற்று. முப்பதாண்டாகக் குறை சொன்ன மனிதர், அக்குறையைக் காண்பதற்காகவேனும் தன்னை உற்றுப் பார்த்திருக்கிறார் என்பது, பார்ப்பது நின்ற பின்னரே அவளுக்கு விளங்கிற்று.

யாம் முதலில் காட்டிய அந்த மாலையில், ஆலையிலிருந்து வந்தவர் கையில் இவ்வாண்டுச் சட்டையைக் கொடுத்தாள். அதன் தையலோ, எவர் கண்ணுக்கும் தப்பாத கோணல். சொல்லித் தீர்க்க முடியாததைத் துணி சொல்லிவிடட்டும் என்று துணிந்தே கொடுத்தாள். அவர் மடிப்பையும் பிரிக்காது மடியில் வைத்துக்கொண்டு, கண்களைப் பாதி மூடினார்.

"சட்டை இருக்கு."

"சட்டை இருக்கா? நான் இருக்கேனா?"

"நீயும் இருக்க."

"ரொம்ப நன்றிங்க. சுவரும் இருக்கு, அதுக்கும் சொல்லிடுங்க" என்றவள், செருப்பை மாட்டிக்கொண்டு விடுவிடுவென ஆற்றங்கரைக்கு நடந்தாள்.

துறவியம்மை அவளினும் பத்தாண்டு இளையவர். ஏணிமேல் நின்று சாளரச் சட்டத்தின் பழைய வண்ணத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தவர், தூசியால் இருமுறை தும்மிவிட்டு இறங்கினார்.

"என் வீட்டுக்காரர நீங்கதான் கெடுத்தீங்க. திருப்பிக் குடுங்க. குறை சொல்ற ஆளா இருந்தாலும் எனக்கு அவருதான் வேணும்."

"குறி போடாதீங்கன்னுதான் சொன்னேன் அக்கா. பாக்காதீங்கன்னு சொல்லலியே. கண்ண மூடிக்கிட்டா அதுவும் ஒரு குறிதான்."

"அத அவருகிட்ட வந்து சொல்லுங்க."

"சொல்றேன். அதுக்கு முன்னாடி, வந்ததிலேருந்து அந்தக் கைய எதுக்கு ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

தையற்காரி முன்றானையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். துறவியம்மை அழுத்திக் கேட்கவில்லை. ஏணியைப் பிடித்துக்கொள்ளுமாறு மட்டும் வேண்டி, மீண்டும் மேலேறினார். அவள் இரு கைகளாலும் பிடித்தாள். வலக்கை நடுங்க, ஏணியும் மெல்ல நடுங்கிற்று. மேலே நின்றவர், "ஆடுது. பரவால்ல, பிடிங்க" என்று சுரண்டலைத் தொடர்ந்தார். அடடா என்றோ ஐயோ பாவம் என்றோ ஒரு சொல் இல்லை. மூன்று திங்களாகத் தன் கையைத் தானே பழுதென்று ஒதுக்கி, ஒருவரும் காணாமல் பூட்டிவைத்தது யார் என்று அந்த ஏணியடியில் அவள் கண்டாள். கணவர் வாயால் வருமென அஞ்சிய தீர்ப்பைத் தானே என்றோ எழுதிவிட்டிருந்தாள்.

வீடு திரும்பியவள், அவர்முன் சென்று முன்றானையை விலக்கிக் கையை நீட்டினாள்.

"நல்லதும் சொல்ல வேண்டாம், கெட்டதும் சொல்ல வேண்டாம். பாருங்க. சட்டையையும் பாருங்க."

வட்டத்தார் கையைக் கண்டார், நெடுநேரம் கண்டார். பின் எழுந்து சட்டையை விரித்து, சாயும் வெயில் பின்னின்று ஊடுருவுமாறு சாளரக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்து, முப்பதாண்டுத் தொழில் தந்த பொறுமை முழுவதையும் கூட்டி, தையல் தையலாக விரலால் தடவிக்கொண்டே போனார்.

"கழுத்துப் பட்டை காலையில தெச்சது. நேரா இருக்கு."

"ம்."

"தோள்கிட்ட வரும்போது கை ஆட ஆரம்பிச்சிருக்கு. இந்த இடத்துல நிறுத்தி மூச்சு வாங்கியிருக்க. பிரிச்சு, மறுபடியும் தெச்சிருக்க. ரெண்டு தடவையா?"

"மூணு."

"எத்தனை நாளா இப்படி?"

"மூணு மாசம்."

"மூணு மாசமா நான் எங்க போயிருந்தேன்?"

"கண்ண தொறக்கக் கத்துக்கப் போயிருந்தீங்க."

அவர் சிரிக்க முயன்றார், முகம் ஒத்துழைக்கவில்லை. அவள் கேட்க அஞ்சியதைக் கேட்டாள்.

"மிஷின மூடச் சொல்லுவீங்களா?"

"நான் யாரு சொல்ல? கை நடுங்குது. அவ்வளவுதான் தெரியுது. நாளைக்கு மருத்துவர்கிட்ட போவோம். நிக்கும்னா நிக்கட்டும், இல்லன்னா ஊசியில நூல நான் கோத்துத் தரேன். நீ தெக்கற வரைக்கும் தெய்."

பிறகு அச்சட்டையை அங்கேயே அணிந்துகொண்டார். இடத்தோள் சற்றே தூக்கி நின்றது. அதை அவர் கண்டார் என்பதும், கண்டும் அதற்கொரு பெயர் சூட்டவில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அருகில் அமர்ந்து அவள் கையை வாங்கித் தம் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். இறுக்கி அடக்கவில்லை, தடவித் தேற்றவுமில்லை. கூட்டில் வந்து அமர்ந்த சிறு பறவையின் நெஞ்சுபோல் அது அவர் கையில் துடித்துக்கொண்டே இருந்தது. இருவரும் அதனைக் குனிந்து பார்த்திருந்தனர்.

நடுக்கம் நிற்கவில்லை, அன்பரே. நின்றது என்று சொல்லி உம்மை மகிழ்விக்க எமக்கும் விருப்பந்தான், ஆயினும் உள்ளவாறு கூறுவதே முறை. வாழ்வு தன் விருப்பம்போல் நெய்து அனுப்புவதை நாம் திருப்பி அனுப்ப இயலாது. வருவதை இன்பமென்றோ துன்பமென்றோ பெயரிட்டு அழைக்குமுன் சிறிது இடைவெளி உண்டு. அவ்விடைவெளியில் தனித்திருப்பது தவம் என்பர் பெரியோர். இருவராய் அமர்ந்திருப்பதற்கு என்ன பெயர் என்பதை அவர்கள் சொல்லவில்லை. அம்மாலையில் ஒளி மங்கி, கைகள் இருளில் கரைந்து, எது எவருடையது என்று தெரியாமற் போனபின்னும், அவ்விருவரும் விளக்கேற்ற எழவில்லை.