தக்கையை எப்போது பிடுங்குவது

1

இந்தக் கதை ஓர் ஒயின் புட்டியின் தக்கையிலிருந்து பிறந்தது. அந்தத் தக்கை இப்போதும் என் சட்டைப்பையில் இருக்கிறது.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வடக்குப் பனிநாட்டில், தூர்க்கு நகரின் ஓரத்தில், வேலியும் குடிலுமாக அடுத்தடுத்துக் கிடக்கும் இந்தத் தோட்டங்களில், என் பேச்சுக்குப் பாதி விலைதான். "இவன் பிடிச்ச மீன் எல்லாம் ஏரியவிடப் பெருசு" என்பாள் பக்கத்துத் தோட்டத்து ஹில்க்கா. ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன வேலை? உள்ளதைக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கித்தான் பொழுதை ஓட்டுகிறேன். ஆனால் இந்தக் கதையில் எனக்கு வந்திருக்கும் இடைஞ்சல் நேர்மாறானது. உண்மை இங்கே வரம்பு மீறிப் பெரிதாக இருக்கிறது. நீங்கள் நம்ப வேண்டுமே என்று அதை அங்கங்கே குறைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். வாழ்நாளில் முதல்முறையாக.

தொடக்கம், முதல் முயற்சி:

சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே, ஒரு மாலையில், நான்கு சர்க்கரைக் கட்டி எடையுள்ள ஒரு பறவை வடக்கே திரும்பியது. அதன் நினைவில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அந்தப் பெட்டியில் மூன்று சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு துளை. அந்தத் துளை இருந்தது தௌனோவின் பிர்ச் மரத்தில்

(நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. அதனால்தான் சிக்கல்.)

இரண்டாம் முயற்சி:

தௌனோவுக்கு எழுபத்தெட்டு வயது. கப்பலின் எஞ்சின் அறையிலேயே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவர். அவர் ஏணியில் ஏறினார்.

இது பரவாயில்லை. ஆனால் இவ்வளவு சீக்கிரம் ஏணியில் ஏற்றிவிட்டால், அவர் ஏன் ஏறினார் என்பதை நான் சொல்லி முடிக்கும்வரை பாவம் மேலேயே நிற்க வேண்டும். இறங்குங்கள் தௌனோ. காப்பி குடித்துவிட்டு வருவோம்.

2

பிர்ச் மரத்திலிருக்கும் பெட்டி கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பானுக்காகத் தௌனோ செய்தது. குளிர்காலத்தை ஆப்பிரிக்காவில் கழித்துவிட்டு மே மாதத்தில் வரும் பறவை அது. வந்ததும் வீடு வேண்டும். ஆனால் மே மாதத்தில் இங்கே எந்த வீடும் காலியாக இருக்காது. பட்டாணிக்குருவிகள் பனிக்காலம் முழுவதும் இங்கேயே கிடந்து, மார்ச் மாதத்திலிருந்தே பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்து, நல்லதையெல்லாம் பிடித்துவிடும். தாமதமாக வந்த ஈப்பிடிப்பான் தெரியாமல் அந்தப் பெட்டிக்குள் தலையை விட்டால், உள்ளே இருக்கும் பட்டாணிக்குருவி அதைக் கொன்றுவிடும்.

துளையைச் சின்னதாக்கினால் பயனில்லை. இரண்டும் ஏறக்குறைய ஒரே பருமன். ஆகவே இங்கே ஒரு வழக்கம் உண்டு. புத்தாண்டுக்குக் குடித்த நுரை ஒயினின் தக்கையைப் பெட்டித் துளையில் அடித்துவிடுவோம். அது அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்தும். முதல் ஈப்பிடிப்பான் பாடும் காலையில் பிடுங்கிவிடுவோம்.*

* எங்கள் தோட்டங்களில் நாற்பது பெட்டிகள் இருக்கின்றன. ஆகவே புத்தாண்டு இரவில் நாற்பது புட்டிகளைக் காலி செய்வது பறவை நலனுக்காக மட்டுமே. (சரி, நாற்பது இல்லை. பதினொன்று.)

தக்கையைப் பிடுங்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. முந்தினால் பட்டாணிக்குருவி நுழைந்துவிடும். பிந்தினால் வந்தவன் அடைத்த கதவைப் பார்த்துவிட்டு அடுத்த காட்டுக்குப் போய்விடுவான். அவன் பாட்டைக் காதால் கேட்டாக வேண்டும்.

தௌனோவுக்கு அந்தப் பாட்டு கேட்பதில்லை. கப்பல் எஞ்சின்கள் பேச்சொலியை விட்டுவைத்துவிட்டு, கீச்சொலிகளை எடுத்துக்கொண்டுவிட்டன. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. போன ஆண்டு நாட்காட்டியைப் பார்த்து, மே முதல் நாளன்று தக்கையைப் பிடுங்கினார். ஈப்பிடிப்பான் ஒரு வாரம் தாமதமாக வந்தது. இலையுதிர் காலத்தில் பெட்டியைத் துப்புரவு செய்யத் திறந்தபோது, பட்டாணிக்குருவியின் பாசிப்படுக்கைக்கு அடியில் அது தட்டையாகக் கிடந்தது. காலில் பறவைக் கணக்கெடுப்பவர்கள் மாட்டிய அடையாள வளையம் இருந்தது. மூன்று கோடைகளாக அவர் மரத்துக்கே வந்துகொண்டிருந்த பறவை.

அன்று அவர் சொன்னது ஒன்றுதான். "இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா பெட்டியக் கழட்டிருவேன். இவ்வளவு தூரம் வர வெச்சுக் கொல்றதுக்கு நான் யாரு?"

3

இங்கே எனக்கு ஒரு வில்லி தேவைப்பட்டது. ஹில்க்கா பக்கத்திலேயே இருந்தாள்.

தௌனோவின் வேலிக்கு அந்தப் பக்கம் அவள் தோட்டம். பனிக்காலம் முழுக்கப் பட்டாணிக்குருவிகளுக்குச் சூரியகாந்தி விதையை மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறவள். அவை அவள் தொப்பியில் உட்காரும். (உள்ளங்கையில் உட்காரும். தொப்பி என்பது நான் சேர்த்தது.) தௌனோவின் தோட்டத்தில் உட்கார்ந்து, முதல் வரைவில் அவளை இப்படி எழுதினேன்: "கொலைகாரர்களை வளர்த்த கைகளைப் பிசைந்தபடி அவள் வேலியோரம்..."

அதற்குள் அவள் வேலிக்கு மேலாக எட்டித் தாளை உருவிவிட்டாள்.

"நான் எப்படா கையப் பிசைஞ்சேன்?"

"கதைக்காக ஹில்க்கா."

"என் பிள்ளைங்க கொலைகாரங்களா? மைனஸ் இருபத்தஞ்சுல இங்கேயே கெடக்குதுங்க. அவன் குளிர்காலம் பூரா வெயில்ல காஞ்சுட்டு, பூ பூக்குற நேரமாப் பாத்து வந்து வீடு எங்கங்குறான். நியாயத்தையும் எழுது."

எழுதிவிட்டேன். நியாயம்தான்.

இந்த மார்ச்சில் அவள் ஒரு காரியம் செய்தாள். எல்லையில் நிற்கும் அதே பிர்ச் மரத்தில், தௌனோவின் பெட்டியிலிருந்து மூன்றடி தள்ளி, தன் பக்கமாக ஒரு பெட்டியை மாட்டினாள். அதற்குத் தக்கை கிடையாது. ஒரே வாரத்தில் பட்டாணிக்குருவி சோடி ஒன்று குடியேறிவிட்டது.

தௌனோ வேலியருகே வந்து நின்றார். "கொலைகாரனக் கொண்டாந்து பக்கத்து வீட்டுலயே குடி வெச்சுட்டியேம்மா."

"யோசிச்சுப் பாரு. அவன் இருக்குற மரத்துல இன்னொரு பட்டாணிக்குருவிய விடுவானா? சொந்தக்காரனத்தான் அவனுக்கு ஆகாது. வெளியாளக் கண்டுக்க மாட்டான். எங்க அக்கா மாதிரி."

"அப்ப என் பெட்டிக்கு அவன்தான் காவலா?"

"சம்பளம் இல்லாத காவல்."

தௌனோ இரண்டு துளைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "வர்றவன் தப்பான ஓட்டையில தலைய விட்டா?"

ஹில்க்கா கையில் ஒட்டியிருந்த சூரியகாந்தி விதையை உதறினாள். அதற்கு என்ன வழி என்று இதை எழுதுகிற எனக்கும் தெரியவில்லை.

பிறகு சொன்னாள்: "அவன் பாடுனதும் நான் வந்து சொல்றேன்."

"எனக்குக் காது இருக்கு."

"ரெண்டு வருசம் முன்னாடி வரைக்கும் என் கெட்டில் விசில் சத்தத்துக்கு நெதம் சண்டை போடுவ. இப்ப ஒரு வார்த்தை வரல. நானே வேணும்னு ரெண்டு மடங்கு நேரம் ஊத விட்டுப் பாத்துட்டேன், தௌனோ."

4

வாப்பு நாள். மே முதல் தேதி. ஊரே வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு கொண்டாடும் நாளில், வழக்கம்போல ஈரப்பனி தூறியது. ஹில்க்கா பள்ளி முடித்தபோது வாங்கிய தொப்பியோடு, பலகாரச் சர்க்கரை ஒட்டிய விரலால் தௌனோவின் சன்னலைத் தட்டினாள்.

"வந்துட்டான்."

தௌனோ சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். ஏணி என்னுடையது. பிடித்துக்கொண்டதும் நான்தான். இப்போது ஏறலாம், தௌனோ.

பாதி ஏணியில் அவர் நின்றார். ஆப்பிள் மரத்தில் வீடில்லாத பட்டாணிக்குருவிகள் இரண்டு காத்திருந்தன. தக்கை போனதும் அவை வரும். பக்கத்துப் பெட்டிக்காரன் விரட்டினால் உண்டு. ஹில்க்கா சொல்வது பொய்யாக இருந்தால்? அவளுடைய பட்டாணிக்குருவிப் பிள்ளைகளில் இன்னொரு சோடிக்கு வீடு கிடைக்கும், அவ்வளவுதான். இந்தச் சந்தேகத்தை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஏணி ஆடியதில் எனக்குத் தெரிந்தது.

"நிஜமாத்தான் பாடுறானா?"

நான் சொன்னேன்: "பாடுறான் தௌனோ, எனக்கும் கேக்குது."

அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏரியைவிடப் பெரிய மீன் பிடித்தவன் பேச்சை எடுத்துக்கொள்ள முடியுமா? அவர் பார்த்தது ஹில்க்காவை.

ஹில்க்கா பதில் சொல்ல மறந்துவிட்டாள். முகத்தை வானுக்குத் தூக்கியிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. தொப்பியிலும் இமையிலும் ஈரப்பனி விழுந்துகொண்டிருக்க, அவள் துடைக்கவில்லை. இத்தனை வருடமாக அந்தப் பறவையைத் திட்டித் தீர்த்தவள். மேலே, உச்சிக் கிளையில், மணலையும் கடலையும் தாண்டி வந்த நான்கு சர்க்கரைக் கட்டி, தன் வீட்டைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தது.

(இந்த இடத்தில் ஓர் உவமை வைத்திருந்தேன். நல்ல உவமை, வானவில்லெல்லாம் வந்தது. அவள் முகத்துக்குப் பக்கத்தில் அது நிற்கவில்லை.)

தௌனோ அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாகக் கேட்காத பாட்டை முழுதாகக் கேட்டு முடித்தவர் போலத் தலையை ஆட்டினார். பிறகு மேலே ஏறித் தக்கையைப் பிடுங்கினார்.

5

முடிவுகள்.

அ. ஆப்பிள் மரத்துக் குருவிகள் பாய்ந்து வந்தன, காவல்காரன் விரட்டினான், ஈப்பிடிப்பான் இறங்கிச் சரியான துளைக்குள் போனது. ஹில்க்கா அழுதாள். ("ஈரப்பனிடா அது.")

ஆ. தப்பான துளை. இதை எழுதினேன். கிழித்தேன். பிறகு குப்பையிலிருந்து எடுத்து ஒட்டவைத்தேன். ஏனென்றால் இதுவும் நடக்கக்கூடியது. அந்தத் தாளைத் தௌனோ படித்துவிட்டு, நான்காக மடித்துக் கொடுத்தார்.

இ. மூன்றாவதும் ஒன்று இருக்கிறது. அதுதான் நடந்தது. மூன்று பேர் கண்ணால் பார்த்தோம். அன்றைக்கு முழுக்க எங்கள் மூவருக்கும் பேச்சு வரவில்லை. எனக்குமே வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதை உள்ளது உள்ளபடி நான் எழுதினால், 'கிழவன் ஆரம்பித்துவிட்டான்' என்பீர்கள். குறைத்து எழுதலாம். அதைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே இப்படி விடுகிறேன். தௌனோ இறங்கி வந்துவிட்டார். பார்வையை மேலிருந்து எடுக்காமலே தக்கையை என் கையில் திணித்துவிட்டார். பாட்டு நின்றுவிட்டது, அது அவருக்கும் தெரிந்தது, ஹில்க்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டதால். மரத்தில் இரண்டு துளைகள். இரண்டும் இருட்டு. பறவை உச்சிக் கிளையிலிருந்து இறங்கத் தொடங்கிவிட்டது.

உங்களைப் பற்றி ஊரில் நல்ல பெயர்தானே? அந்த மூன்றாவதை நீங்களே பார்த்துச் சொன்னால் நம்புவார்கள். இந்தாருங்கள் தக்கை, இன்னும் கொஞ்சம் ஒயின் வாசனை இருக்கிறது. ஏணியைக்கூட எடுக்கவில்லை. அண்ணாந்து பாருங்கள்.