பச்சைப் பொட்டு

என் மகள் ஆபீஸுக்குப் போவதில்லை. ஆபீஸ்தான் எங்கள் வீட்டுப் படுக்கையறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டது. அவளுக்குக் கீழே ஏழு பேர். ஒருவரையும் அவள் நேரில் கண்டதில்லை. ஆள் வேலையில் இருந்தால் கம்ப்யூட்டரில் அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் பொட்டு எரியும். எழுந்து போனால் மஞ்சளாகிவிடும். இதை நம்பிச் சம்பளம் கொடுக்கிறார்களாம்! நான் தொட்டுப் பார்க்காமல் எதையும் நம்புகிறவன் இல்லை.

ஏழு பேரில் ஒருவன் வாயே திறக்க மாட்டான். தனியாக அறை எடுத்து இருப்பவன். நான் அவனுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்திருந்தேன். ஒரு திங்கட்கிழமை மதியம், சாப்பிடும்போது மகள் அவனைப் புகழ்ந்தாள்.

"சனி, ஞாயிறுகூட ராப்பகலா பச்சையாவே இருந்தான்ப்பா."

"ஏம்மா, ஒன்னுக்குப் போகக்கூட எந்திரிக்காதவன் மனுஷனா, பிசாசா? ஏமாத்துறான்."

மாப்பிள்ளை சிரித்தார். "மவுஸுக்கு அடியில வாட்ச்சை வச்சிருப்பான் மாமா. முள்ளு சுத்தச் சுத்த, ஆள் இருக்கான்னு கம்ப்யூட்டர் நினைச்சுக்கும். பாதிப் பேர் இப்படித்தான் குளிக்கப் போறாங்க."

"நீங்களுமா மாப்ள?"

"நான் எங்க மாமா குளிக்கிறேன்!"

மகள் சிரிக்கவில்லை. எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டாள்.

"வெள்ளிக்கிழமைலேருந்து அவன் எதுக்குமே பதில் போடலப்பா. பச்சையா இருக்கானேன்னு விட்டுட்டேன்."

அவனுக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. ஆபீஸில் கேட்டு முகவரி வாங்கினாள். நாங்கள் காய்கறி வாங்கும் தெருவுக்கு அடுத்த தெரு!

ஓடினோம். அவன் அறையை வீட்டுக்காரர் மாற்றுச்சாவி போட்டுத் திறந்தார். திரையெல்லாம் மூடிய இருட்டு. மேஜையில் கம்ப்யூட்டர் மட்டும் வெளிச்சமாக இருந்தது. மவுஸுக்கு அடியில் வாட்ச் டிக் டிக்கென்று ஓடியது. அம்புக்குறி புழு மாதிரி நெளிந்தது. நாற்காலிக்குக் கீழே அவன் கிடந்தான், உதடு வெடித்து, கண் சொருகி. அந்த அறையில் உயிரோடு இருந்தது அந்த வாட்ச் ஒன்றுதான் என்று நினைத்தேன். அப்போது அவன் விரல் அசைந்தது.

மகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடி அவனை மடியில் தூக்கித் தண்ணீரால் உதட்டை நனைத்தாள். முகம் தெரியவில்லை அவனுக்கு. குரல் தெரிந்தது.

"மேடமா? காய்ச்சல்... கொஞ்சம் படுக்கலாம்னு வாட்ச்சை வச்சேன்... பச்சை எரியுதா மேடம்?"

"எரியுதுடா. பேசாம இரு."

ஆம்புலன்ஸ் வந்து தூக்கிப் போனது. பிழைத்துக்கொள்வான், இன்னொரு நாள் விட்டிருந்தால் போயிருப்பான் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் மற்றவர்களுக்குச் சொல்ல மகள் கம்ப்யூட்டரைத் திறந்தாள். எட்டிப் பார்த்தேன். அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில். அவன் அறை பூட்டிக் கிடக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் பொட்டு மட்டும் பச்சையாக எரிந்தது. ஆள் இருக்கிறானே என்று, மேலிடத்திலிருந்து யாரோ புது வேலை அனுப்பியிருந்தார்கள்.

நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

"அதை மூடித் தொலைம்மா."

மகள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கை மவுஸின் மேலேயே இருந்தது.

"மூடினா நான் மஞ்சளாயிடுவேன்ப்பா" என்றாள்.