எங்கள் வீட்டுப் பங்கு

அத்தை உள்ளங்கையைக் கிண்ணம்போல் குவித்துத் தம்பி மகனின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார். இடப்பக்கம் மூன்று நிமிடம், வலப்பக்கம் மூன்று நிமிடம். நாற்பது வருடம் தட்டச்சுப் பள்ளி நடத்திய கை, தாளம் பிசகாது. நுரையீரலில் பசைபோல் ஒட்டிக் கிடக்கும் சளி அந்தத் தட்டலுக்குத்தான் கொஞ்சம் இடம்பெயரும். இருபத்தெட்டு வருடமாகக் காலையும் மாலையும் இதுதான். பெற்றவள் தட்டினால் பூ உதிர்வதுபோல் இருக்கிறது என்று அத்தை அந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டு வெகுகாலம் ஆகிவிட்டது.

நோயை முதலில் கண்டுபிடித்ததும் அத்தைதான். பிறந்த குழந்தையை முத்தமிட்டார், உதடு கரித்தது. ‘உப்புமூட்டை’ என்று பெயர் வைத்தார். தெருநாய்கள் அவன் காலை நக்க வரிசையில் நின்றதாகச் சொல்வார்கள். அது மிகை, நாய்கள் வரிசையில் நிற்பதில்லை. வியர்வையைச் சோதித்த டாக்டர், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ், பத்து வயது தாண்டாது என்றார். பத்தாவது வருடம் டாக்டர் ஓய்வு பெற்றார். அடுத்தவர் இருபது என்றார்; அவருடைய பிரிவு உபசார விழாவில் உப்புமூட்டை வாழ்த்துரை வழங்கினான். ஒவ்வொரு வேளைக்கும் செரிமான மாத்திரை, உப்புநீரைப் புகையாக்கும் இயந்திரம், ஊசி ஊசியாக ஆன்டிபயாடிக் என்று சமாளித்து வங்கி வேலைக்கும் போனான். புதிதாக வந்த மாத்திரை இதே நோய்க்காரர்கள் பலரை எழுப்பி உட்காரவைத்தது. அவன் மரபணுவில் இருந்த கோளாறு வேறு ரகம்; மசியவில்லை.

அத்தையைப் பொறுத்தவரை, சந்தேகம் என்பது மற்றவர்களுக்கு வரும் வியாதி. இது தம்பி மனைவியின் வீட்டிலிருந்து வந்தது என்று முதல் வருடமே தீர்ப்பு எழுதிவிட்டார். விசேஷ வீடு, பேருந்து, பல் டாக்டரின் வரிசை என எங்கும் மேல்முறையீடு இல்லாமல் அது அமலில் இருந்தது. தம்பி மனைவி மறுத்ததில்லை. தம்பியும்தான், அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார்.

உப்புமூட்டை கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னான். மூக்கில் ஆக்சிஜன் குழாய். வார்த்தைகள் தவணை முறையில் வந்தன.

“அத்தை, எங்க பேங்க்ல லாக்கரை எப்படித் திறப்போம்?”

“ரெண்டு சாவி போட்டு. எனக்கே பாடமா?”

“இந்த வியாதியும் அப்படித்தான். அம்மா சாவி மட்டும் போட்டாத் திறக்காது. இன்னொண்ணு அப்பாவோடது. அது உங்க வீட்லேருந்துதானே வந்திருக்கும்?”

“எங்க வீட்ல ஒருத்தன் தும்மினது கிடையாதுடா.”

“ஒத்தச் சாவி வச்சிருக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஜம்முனு இருப்பாங்க, உங்களை மாதிரி.” மூச்சை எட்டிப் பிடித்தான். “நான் போனப்புறம் அம்மாவை யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது. நீங்க சொன்னாத்தான் நம்ம ஆளுங்க நம்புவாங்க.”

“முதுகைக் காட்டு,” என்றார் அத்தை. இடப்பக்கம் இன்னும் ஒரு நிமிடம் பாக்கி இருந்தது.

அன்று பிற்பகல் மூன்றேகாலுக்கு அவன் போனான்.

மறுநாள் எல்லாம் முடிந்து கூடம் நிறைய நாற்காலிகள். மழையைப் பற்றியும் பேருந்து நேரத்தைப் பற்றியும் பேசி முடித்தார்கள். தூரத்து உறவான பெரியவர் ஒருவர், இளவயதுச் சாவுக்குக் காரணம் தெரியாமல் டீ இறங்காத ரகம், இது யார் பக்கத்து வியாதி என்று பொதுவாகக் கேட்டார். கூடம் அத்தையைப் பார்த்தது. தம்பி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சமையலறை வாசலில் நின்ற தம்பி மனைவி முன்கூட்டியே தலை குனிந்துகொண்டாள்.

இருபத்தெட்டு வருடத் தீர்ப்பு அத்தையின் நாக்கு நுனியில் தயாராக நின்றது. அதை விழுங்க ஒரு மடக்குத் தண்ணீர் தேவைப்பட்டது.

“சரிபாதி எங்க வீட்டுது,” என்றார். “தம்பி வழியா வந்தது. எனக்கும் இருக்கலாம். நான்தான் இத்தனை வருஷமாத் தப்பாச் சொல்லிட்டிருந்தேன்.”

பெரியவர், அப்படியென்றால் மீதிப் பாதி என்று ஆரம்பித்தார். அத்தை பார்த்த பார்வையில் டீயை ஒரே மடக்கில் குடித்து முடித்தார்.

கூட்டம் கலைந்தது. அத்தை சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். தம்பி மனைவி கழுவிய டம்ளர்களைக் கவிழ்த்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, நாத்தனார் முன்னால் முதல்முறையாக, காலை நீட்டினாள்.

அத்தை தன் காலை மடக்கி இடம் விட்டார்.